எக்ஸ்டென்ஷன் லெட்டரில் போட்ட கையெழுத்து

கேள்வி: திருவொற்றியூரில் சின்ன அளவில் சிவில் சப்-கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். எண்ணூர் பக்கம் ஒரு குடோன் வேலையில் பைலிங் (அஸ்திவாரத்துக்காகப் பூமிக்குள் கான்கிரீட் தூண் இறக்குவது) மட்டும் மெயின் கான்ட்ராக்டரிடம் எடுத்தேன். டிராயிங் வரவில்லை, இடத்தைக் காலி செய்து தரவில்லை. நாலு மாத வேலை பதினோரு மாதம் இழுத்தது. துளை போடும் ரிக் மெஷின் வாடகை, ஆட்கள் சாப்பாடு எல்லாம் என் தலையில். மனைவி நகை இன்னும் அடகில் இருக்கிறது. ஆர்டரில் 18 மீட்டர் ஆழம். களிமண் இன்னும் முடியவில்லை என்று இன்ஜினியர் சொன்னதால் 22 வரை இறக்கினோம். கூடுதல் ஆழத்துக்கு 9 லட்சம், சும்மா நின்ற நாட்களுக்கு 11 லட்சம் வர வேண்டும். கேட்டால் புராஜெக்ட் மேனேஜர் எல்லார் முன்னாலும் கேவலமாகப் பேசினார். இப்போது ஆறு லட்சம் தருகிறோம், கையெழுத்துப் போடு என்கிறார்கள். வேலை முடிந்து இரண்டு வருஷம் ஐந்து மாதம் ஆகிறது. கேஸ் போட்டால் 20 லட்சமும் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. மேனேஜர் பேசிய பேச்சையும் நகைக் கடனையும் ஒதுக்கி வையுங்கள். உங்கள் வலி எனக்குப் புரிகிறது, ஆனால் அதற்கு நீதிமன்றத்தில் விலை இல்லை. நீங்கள் அனுப்பிய காகிதக் கட்டுக்குள் வழக்கைத் தீர்மானிக்கும் தாள் கடைசியில் இருக்கிறது. இரண்டு முறை கால நீட்டிப்பு வாங்கியிருக்கிறீர்கள். இரண்டிலும் கம்பெனி அடித்துக் கொடுத்த வாசகம்: ‘கூடுதல் காலத்துக்காக எந்த இழப்பீடும் கோரமாட்டேன்.’ கீழே உங்கள் சீல், உங்கள் கையெழுத்து.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, 55-ஆவது பிரிவின் கடைசிப் பத்தியைப் படியுங்கள். எதிர்த் தரப்பு குறித்த நேரத்தில் செய்ய வேண்டியதைச் செய்யாமல், தாமதமாகச் செய்ததை நீங்கள் ஏற்றுக்கொண்டால், ஏற்கும்போதே ‘நஷ்டஈடு கேட்பேன்’ என்று அறிவித்திருக்க வேண்டும். நீங்கள் அறிவிக்காமல் விட்டதோடு, கேட்கமாட்டேன் என்று எழுதியும் கொடுத்துவிட்டீர்கள். அந்த 11 லட்சம் அங்கேயே போய்விட்டது. அந்தக் கடிதம் இல்லாவிட்டாலும் ரிக் எந்தத் தேதியில், யார் சொல்லி, எத்தனை மணி நேரம் நின்றது என்பதற்கு அன்றன்றைய பதிவு வேண்டும். பிரிட்டனின் கட்டுமானச் சட்டக் கழகம் 2002-இல் வெளியிட்டு 2017-இல் திருத்திய தாமத நெறிமுறையில் முதல் கோட்பாடே வேலைத் திட்டமும் பதிவேடுகளும்தான். உங்களிடம் இருப்பது டீசல் பில் மட்டும்.

உயிரோடு இருப்பது ஆழத்துக்கான 9 லட்சம். இது நஷ்டஈடு இல்லை, செய்த வேலைக்கான கூலி. நீங்கள் விட்டுக்கொடுத்த வாசகம் இதைத் தொடாது. ஆர்டரில் கூடுதல் ஆழத்துக்கு ரேட் இருந்தால் அந்த ரேட். இல்லையென்றாலும் இலவசமாகச் செய்யாத வேலையின் பலனை அனுபவித்தவர் ஈடு தர வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 70-ஆவது பிரிவு. பைல்மீது குடோன் நிற்கிறது, பலன் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

நான் பயப்படுவது வேறு இடத்தில். பூமிக்குள் போன பைலை இனி யாரும் டேப் வைத்து அளக்க முடியாது. பைல் ரிஜிஸ்டரும், கான்கிரீட் ஊற்றியதைப் பதியும் போர் (pour) கார்டும்தான் சாட்சி. நீங்கள் அனுப்பிய நகலைப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். பகல் ஷிப்டில் இறக்கியவற்றுக்கு சைட் இன்ஜினியர் கையெழுத்து இருக்கிறது. ராத்திரி இறக்கியவற்றில் ‘21.8 மீ’ என்று உங்கள் சூப்பர்வைசர் எழுதியது மட்டும், எதிரே கட்டம் காலி. காலிக் கட்டங்கள்தான் பாதிக்கு மேல். ‘கீப் கோயிங்’ என்று இன்ஜினியர் போட்ட வாட்ஸ்அப் உதவும். ஆனால் அந்தப் போனை விற்றுவிடாதீர்கள், 2023-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு கேட்கும் மின்னணு ஆதாரச் சான்றிதழ் இல்லாமல் அந்த ஸ்கிரீன்ஷாட் வெறும் படம். இதே நிலையில் 11 லட்சத்தையும் சேர்த்து 20 கேட்ட கட்சிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். செத்த கோரிக்கையைக் காட்டி எதிர்த்தரப்பு வக்கீல் உயிருள்ள கோரிக்கையையும் சந்தேகத்துக்கு ஆளாக்குவார். தாமத அபராதம் என்று எதிர்க்கோரிக்கையும் வரும். ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவுப்படி அது நிற்பது கடினம். ஆனாலும் ஆண்டுகளைத் தின்னும்.

ஆகவே சமரசம் செய்யுங்கள். ஆனால் அவர்கள் நீட்டும் தாளில் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். நம்மவர்கள் விழும் பெரிய பள்ளம் இதுதான். ‘முழு மற்றும் இறுதித் தீர்வு’ என்ற வரிக்குள் ரிடென்ஷன், அதாவது உத்தரவாதமாகப் பிடித்து வைத்த பணமும் போய்விடும். உங்கள் ரன்னிங் பில் ஒவ்வொன்றிலும் 5 சதவீதம் பிடித்திருக்கிறார்கள். அந்த ஆறு லட்சத்தில் அது சேர்ந்ததா, தனியா? சேர்ந்தது என்றால் உங்களுக்குச் சொந்தமான பணத்தையே சமரசத் தொகை என்று தருகிறார்கள். கஷ்டத்தில் கையெழுத்துப் போட்டேன் என்று பிறகு சொல்வதும் எடுபடாது. ஜீனஸ் பவர் என்ற நிறுவனத்தின் வழக்கில் மறுப்பின்றிக் கையெழுத்திட்டு மூன்று வாரம் கழித்து வற்புறுத்தல் என்று சொன்னதை உச்ச நீதிமன்றம் 2014-இல் ஏற்கவில்லை.

கூடுதல் ஆழத்துக்கு ஏழு லட்சம் கேளுங்கள், ஆறரைக்கு இறங்கலாம். ரிடென்ஷன் தனி வரியில், தனித் தேதியோடு. அபராதக் கோரிக்கை எதுவும் இல்லை என்று அவர்களும் எழுத வேண்டும். ரசீதும் கையெழுத்தும் பணம் கணக்கில் ஏறிய பிறகு. பின்தேதி செக் கொடுத்தால், ஒன்று திரும்பினாலும் முழு 9 லட்சமும் உயிர்பெறும் என்ற வரி இருக்கட்டும்.

ஒன்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். காலவரம்பு மூன்று வருஷம். பேச்சுவார்த்தை நடந்தாலும் அந்தக் கடிகாரம் நிற்காது. ‘அடுத்த மாசம் பார்த்துக்கலாம்’ என்று ஏழு மாதத்தை ஓட்டிவிட்டால் அதன்பின் ஆறு லட்சமும் வராது. பாக்கி இவ்வளவு என்று ஒப்புக்கொண்டு அவர்கள் கையெழுத்திட்ட கடிதம் வாங்கினால் புதிய மூன்று வருஷம் தொடங்கும். தர மறுத்தால், ஒர்க் ஆர்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள், அங்கே ஆர்பிட்ரேஷன் (நடுவர் மூலம் தீர்வு) ஷரத்து இருக்கிறது. தகராறை நடுவரிடம் விடக் கேட்கும் ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 21-ஆவது பிரிவு நோட்டீஸை இந்த மாதமே அனுப்பிவிட்டு, அப்புறம் பேசப் போங்கள்.