தபால்காரரின் பை (வாசகர் கடிதம்)

அன்புள்ள பாஸ்டர் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம் சொல்லித் தொடங்கவில்லை, மன்னிக்கவும். பதினாறு வருடமாக நான் எந்தச் சபைக்கும் போவதில்லை. ஆனாலும் உங்கள் கட்டுரைகளை விடாமல் வாசிக்கிறேன். பழக்கதோஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உயிர் பிரியும் தறுவாயில் இருந்த ஒரு முதியவரின் கட்டிலருகே இரவு முழுக்க உட்கார்ந்திருந்ததைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தீர்கள். அவருடைய மூச்சு விட்டுவிட்டு வந்தது, மகன் வந்து சேரும்வரை நீங்கள் அவர் கையை விடாமல் பிடித்திருந்தது எல்லாம் நன்றாக வந்திருந்தது. நடுவில் ஒரு வரி: "அன்று மாலை என் மகளின் பள்ளியில் நாடகம், போக முடியவில்லை." அடுத்த வரியில் மறுபடியும் அந்த முதியவர். நான் அந்த வரியைத் தாண்டவே இல்லை.

நான் ஒரு பாஸ்டரின் மகள். என்னிடம் அப்படி நூறு வரிகள் இருக்கின்றன. அப்பா இறந்து நான்கு வருடம். அடக்க ஆராதனைக்கு வந்தவர்கள் ஆளாளுக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க அப்பா எங்களுக்கும் அப்பா மாதிரி" என்றார்கள். எல்லோருக்கும் தலையாட்டினேன்.

இரண்டு கேள்விகள். அழைப்பு உங்களுக்குத்தானே வந்தது, வீட்டில் இருப்பவர்களுக்கும் சேர்த்து எப்படிச் சம்மதம் சொன்னீர்கள்? வாராவாரம் பிரசங்க பீடத்தில் நிற்கிறீர்களே, எல்லா வாரமும் நம்பித்தான் பேசுகிறீர்களா? அப்பாவிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முதலில் எழுதிய பதிலை அழித்துவிட்டேன். அதில் நான்கு வசனங்கள் இருந்தன. கட்டுரையில் எழுதாமல் விட்டது மட்டும் அதிலும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்போது மகளுக்குப் பன்னிரண்டு வயது. நாடகத்தில் அவள்தான் தபால்காரர். வசனம் நான்கே நான்கு. வேஷத்துக்கு என் தோல்பையைக் கேட்டாள். நோயாளிகளைப் பார்க்கப் போகும்போது தோளில் மாட்டிக்கொண்டு போகும் பை அது. உள்ளே திருவிருந்துக்கான சின்னக் கிண்ணம், அப்பம் வைக்கும் தகரச் சிமிழ், ஜெபப் புத்தகம், மூக்குக் கண்ணாடியின் கூடு. எல்லாவற்றையும் வெளியே எடுத்துவைத்துவிட்டு, வீட்டில் கிடந்த பழைய உறைகளைத் தேடிப்பிடித்து உள்ளே அடைத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் தானே விலாசம் எழுதியிருந்தாள். சாயங்காலம் போன் வந்தது. நான் உறைகளை மேஜைமேல் கொட்டிவிட்டு, கிண்ணத்தையும் சிமிழையும் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினேன். அவள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அன்று ஒரு தலையணை உறையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் மேடை ஏறியிருக்கிறாள்.

கட்டுரை எழுதும்போது இது நினைவில் இல்லாமல் இல்லை. எழுதினால் கட்டுரை அந்த முதியவரை விட்டுப் போய்விடும் என்று தோன்றியது. எழுத்துக் கணக்கில் அது சரிதான். வேறு கணக்கில் என்ன என்பதை நீங்கள் கேட்டுவிட்டீர்கள்.

உங்கள் முதல் கேள்விக்கு நேரான பதில், பிள்ளைகளுக்காக நான் சம்மதம் சொல்லவில்லை. அவர்களை யோசிக்கவே இல்லை. எனக்கு அழைப்பு வந்தபோது திருமணம் ஆகியிருக்கவில்லை. மனைவி எல்லாம் தெரிந்துதான் வந்தாள். பிள்ளைகள் வந்து பிறந்தார்கள், அவ்வளவுதான். எந்த வேலையில் இருப்பவனும் பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டு வேலைக்குப் போவதில்லை என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லியிருக்கிறேன். அது ஓட்டை வாதம். ராணுவத்தில் இருப்பவரின் மகளை யாரும் அணிவகுப்பில் நிறுத்துவதில்லை. பாஸ்டரின் மகளை முதல் வரிசையில் உட்காரவைக்கிறோம். அவள் கொட்டாவி விட்டால் சபைக்கே தெரிகிறது. மனப்பாட வசனத்தில் ஒரு வார்த்தை விட்டால் அப்பாவிடம் வந்து சொல்கிறார்கள். சபை குடியிருக்கக் கொடுத்த குருமனைச் சுவரில் ஆணி அடிப்பதற்குக்கூட கமிட்டி உறுப்பினர் ஒருவரின் முகம் நினைவுக்கு வரும் வீட்டில் அவள் வளர்கிறாள். இடமாற்றம் வந்தால் சிநேகிதிகளை விட்டுவிட்டு அவளும் வர வேண்டும். திங்கட்கிழமை மதியம் நான் அடித்துப்போட்டதுபோலத் தூங்கும் நேரத்தில் போன் வந்தால், "அப்பா ஜெபத்துல இருக்காங்க" என்று சொல்ல என் மகன் ஆறு வயதில் பழகிக்கொண்டான். நாங்கள் கற்றுக்கொடுக்கவில்லை. கண்டிக்கவும் இல்லை.

இதற்கெல்லாம் சபை வழி பார்க்காமல் இல்லை. மனைவியுள்ளவன் மனைவிக்குப் பிரியமானதைத்தான் யோசிப்பான் என்று அப்போஸ்தலர் பவுலே எழுதிவைத்திருக்கிறார். அந்த நியாயத்தைக் கடைசிவரை கொண்டுபோனது கத்தோலிக்கத் திருச்சபை. குருக்களின் திருமணம் செல்லாது என்று 1139-இல் கூடிய இரண்டாம் லாத்தரன் பொதுச்சங்கம் சொல்லிவிட்டது. அந்தத் தடையை உடைத்த சீர்திருத்தவாதி லூத்தர் 1525-இல், மடத்தை விட்டு வந்திருந்த கத்தரீனா ஃபொன் போராவைக் கல்யாணம் செய்தார். வீடு நிறையப் பிள்ளைகள், மாணவர்கள், விருந்தாளிகள். நிர்வாகம் முழுக்க அந்த அம்மாள் தலையில். 1546-இல் லூத்தர் போனபின் அவர் பட்ட பாடு தனிக்கதை. பாஸ்டரம்மா என்கிற சம்பளமில்லாத உத்தியோகத்துக்கு ஐந்நூறு வருடமாகப் பெரிய மாற்றம் ஒன்றும் வந்துவிடவில்லை.

உங்கள் கடிதத்துக்குப் பிறகு நான் திரும்பத் திரும்ப வாசித்தது சாமுவேலின் கதையைத்தான். பாஸ்டரின் மகளான உங்களுக்கு அது மனப்பாடமாக இருக்கும். இருந்தாலும் சேர்ந்து ஒருமுறை பார்ப்போம். சாமுவேலை வளர்த்த ஆசாரியன் ஏலியின் குமாரர் இருவரும் கெட்டுப்போனார்கள், ஏலி அவர்களை அடக்கவில்லை, அதனால் அவன் வீட்டுக்கு நியாயத்தீர்ப்பு வரும். இந்தச் செய்தியை ஆண்டவர் யார் வாயில் கொடுக்கிறார்? ராத்திரியில் பெயர் சொல்லிக் கூப்பிடப்பட்ட சிறுவன் சாமுவேலிடம். விடியும்வரை படுத்துக் கிடந்து, சொல்லப் பயந்து, பிறகு சொல்கிறான். அவன் ஊழியத்தின் முதல் செய்தியே ஒரு தகப்பனின் தோல்வியைப் பற்றியது.

அவன் வளர்ந்து பெரியவனாகிறான். வருஷாவருஷம் பெத்தேல், கில்கால், மிஸ்பா என்று சுற்றிவருகிறான். பிறகு ராமாவுக்குத் திரும்புவான், அவன் வீடு அங்கே இருந்தது என்று ஏழாம் அதிகாரம் முடியும் இடத்தில் ஒரு குறிப்பு. அடுத்த அதிகாரம் திறந்தால் அவன் பிள்ளைகள் யோவேலும் அபியாவும் பெயெர்செபாவில் பரிதானம், அதாவது லஞ்சம், வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். மூப்பர் வந்து முகத்துக்கு நேரே சொல்கிறார்கள்: உம்முடைய குமாரர் உம்முடைய வழிகளில் நடக்கிறதில்லை, எங்களுக்கு ஒரு ராஜாவை ஏற்படுத்தும். ராஜா கேட்டதுதான் சாமுவேலுக்கு வருத்தமாக இருக்கிறது. பிள்ளைகளைப் பற்றி அவன் வாயிலிருந்து அங்கே ஒரு வார்த்தை வரவில்லை.

பன்னிரண்டாம் அதிகாரம் ஏறக்குறைய அவனுடைய விடைபெறும் உரை. நான் யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன், யார் கையில் பரிதானம் வாங்கினேன், சாட்சி சொல்லுங்கள் என்று ஜனங்களைக் கேட்கிறான். ஒரு குறையும் இல்லை என்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்குச் சற்று முன்னால் ஒரு வரி: என் குமாரர் உங்களோடிருக்கிறார்கள். அவ்வளவுதான். அடுத்து உடனே, சிறுவயது முதல் உங்களுக்கு முன்பாக நடந்துவந்தேன் என்று போய்விடுகிறான். இந்தப் பகுதியை வைத்துக் குறைந்தது ஐந்து பிரசங்கம் செய்திருப்பேன், எல்லாமே ஊழியக்காரனின் உண்மையைப் பற்றி. அந்த வரி அங்கே இருப்பது உங்கள் கடிதத்துக்குப் பிறகுதான் கண்ணில் பட்டது. கறை படியாத கையென்று சபை கொடுத்த சாட்சி மெய்தான். யோவேலிடமும் அபியாவிடமும் யாரும் சாட்சி கேட்கவில்லை.

இரண்டாவது கேள்வி. எல்லா வாரமும் நம்பித்தான் பேசுகிறேனா?

இல்லை. அந்த இரவையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு இருபத்துமூன்றாம் சங்கீதம் வாசித்தேன். என் மனதில் மேய்ப்பரும் இல்லை, அமர்ந்த தண்ணீரும் இல்லை. மேஜைமேல் கொட்டிய உறைகள்தான் இருந்தன. அவர் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தார். எனக்கு அரை வார்த்தை முன்னால் போய்க்கொண்டிருந்தார். அன்று அந்த அறையில் சங்கீதத்தை நம்பியவர் அவர். எனக்கு வெறும் வாசிப்புதான். இப்படி வாரங்கள் வரும், சில சமயம் மாதங்கள். பிரசங்கத்துக்கு என்று திறந்து திறந்து, வேதமே தச்சனுக்கு உளி மாதிரி ஆகிவிடும். சனிக்கிழமை இரவு பதினொன்றுக்கு முடிவு கிடைக்காமல் உட்கார்ந்திருப்பவனுக்கு விசுவாசத்தைவிட ஒரு நல்ல உதாரணக் கதைதான் அவசரத் தேவை.

இது ஏமாற்று இல்லையா என்றால், சபை ஆரம்ப நூற்றாண்டுகளிலேயே இதில் அடித்துக்கொண்டிருக்கிறது. 303-இல் ரோமப் பேரரசன் டயோக்ளீஷியன் காலத்தில் கிறிஸ்தவர்கள்மேல் துன்புறுத்தல் தொடங்கியபோது, பயந்து வேதப் பிரதிகளை அதிகாரிகளிடம் ஒப்படைத்த குருமார் உண்டு. அப்படிப்பட்டவர்கள் கொடுத்த ஞானஸ்நானமும் குருப்பட்ட அருட்பொழிவும் செல்லாது என்று வட ஆப்பிரிக்காவில் ஒரு பெரும் பிரிவு பிரிந்துபோனது. தொனாத்திஸ்டுகள் என்பார்கள். அங்கே ஹிப்போ நகரத்தின் ஆயர் அகஸ்டின் அதற்கு மறுப்பு எழுதினார்: ஞானஸ்நானம் கிறிஸ்துவுடையது, கொடுக்கிற கை எப்படியிருந்தாலும் அது செல்லும். (ஆயராகும் முன்னரே அவருக்கு ஒரு மகன் இருந்தான். இளம் வயதிலேயே இறந்துவிட்டான்.) வறண்ட வாரங்களில் பீடம் ஏற எனக்குத் தைரியம் கொடுப்பது அகஸ்டினின் இந்த வாதம்தான். நான் காலியாக இருந்தாலும் வார்த்தை காலியாவதில்லை.

இதை இவ்வளவு வருடம் நம்பி வாழ்ந்ததில் ஒரு பிசகு நடந்திருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். மனம் அங்கே இல்லாவிட்டாலும் ஊழியம் நடந்துவிடும் என்று கண்டுகொண்டவன், அதே சலுகையை வீட்டிலும் எடுத்துக்கொண்டுவிட்டான். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருப்பேன், காதில் எதுவும் விழாது. மதியம் ஒருவர் வந்து யாரிடமும் சொல்ல முடியாததை என்னிடம் சொல்லி அழுதுவிட்டுப் போயிருப்பார். அதை மனைவியிடமும் சொல்ல முடியாது. உங்கள் அப்பாவின் மௌனத்திலும் அப்படிச் சில இருந்திருக்கும். அவருக்காக வக்காலத்து வாங்கவில்லை. தகவலாகச் சொல்கிறேன். ஞானஸ்நானம் கொடுக்கிறவன் உள்ளே இல்லாவிட்டாலும் அது செல்லும். பள்ளி நாடகத்துக்கு அப்படி ஒரு இறையியலை அகஸ்டின் எழுதிவைக்கவில்லை.

பழக்கதோஷம் என்றீர்களே, அதற்காகக் கூச வேண்டாம். ஓவியர் வின்சென்ட் வான் கோவும் பாஸ்டர் மகன்தான். அப்பாவோடு ஓயாத சண்டை. 1885 மார்ச்சில் அப்பா இறந்தார். அதே வருடம் அக்டோபரில் அவருடைய பெரிய வேதாகமத்தை ஏசாயா 53-இல் திறந்துவைத்து, பக்கத்தில் தான் வாசித்துக் கசங்கிய ஒரு பிரெஞ்சு நாவலையும், அணைந்த மெழுகுவர்த்தியையும் வைத்து ஒரு ஓவியம் வரைந்தார். ஒரே நாளில் முடித்தாராம்.

பையைப் பற்றி எழுதலாமா என்று மகளிடம் கேட்டேன். இப்போது அவளுக்குப் பத்தொன்பது. உங்கள் கடிதத்தையும் என் பதிலில் முதல் பாதியையும் வாசித்தாள். "தலையணை உறை இல்லப்பா, அம்மாவோட பழைய துப்பட்டாவ முடிச்சுப் போட்டு மாட்டினேன். நீங்கதான் வரலையே, உங்களுக்கு எப்படித் தெரியும்" என்றாள். மேலே திருத்தவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன். பிறகு, "அந்த அக்காவோட ரெண்டாவது கேள்விக்கு என்ன எழுதப்போறீங்க?" என்று கேட்டாள். இன்னும் எழுதவில்லை என்றேன். "எழுதினதும் எனக்கும் காட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இன்று காலை காட்டினேன். வாசித்துக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
உங்கள் சகோதரன்