14 வருடங்களுக்குப் பின் கராத்தே உடையை மீண்டும் அணியலாமா?

கேள்வி: எனக்கு வயது 39. தலவாக்கலைக்கு அருகே ஒரு தோட்டப் பாடசாலையில் கற்பிக்கிறேன். படிக்கும் காலத்தில் கராத்தே பயின்று பழுப்புப் பட்டி வரை வந்தேன். திருமணத்தோடு நின்றுபோய் 14 வருடங்களாகின்றன. இரண்டு பிள்ளைகள். மூத்த மகளை அண்மையில் சனிக்கிழமை வகுப்பில் சேர்த்தேன். சென்செய் (கராத்தே ஆசிரியர்) அழைத்ததால் நானும் இறங்கினேன். பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கியது. தலை உயரத்துக்கு ஓர் உதை விட்டபோது தொடையின் பின்பக்கம் சுரீரென்று பிடித்துக்கொண்டது. மூன்று வாரமாகியும் குனிந்தால் வலிக்கிறது. இப்போதெல்லாம் பாடசாலைப் படிகளில் ஏறினாலும் இளைக்கிறது. என் வயதுக்கு இனி இது சரிவராதா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: அன்புச் சகோதரி, 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கான கட்டாவில் (எதிராளி இல்லாமல் அசைவுகளை வரிசையாகச் செய்துகாட்டும் பிரிவு) தங்கம் வென்ற ஸ்பெயின் வீராங்கனை சாண்ட்ரா சான்செஸுக்கு அப்போது வயது 39. அவர் பயிற்சியிலேயே இருந்தவர், நீங்கள் விட்டுவிட்டுத் திரும்புகிறவர்; அந்த வேறுபாடு பெரியதுதான். ஆனாலும் வயதைக் காரணம் காட்டி உங்களைத் திருப்பி அனுப்ப நான் தயாரில்லை.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது தொடை அல்ல, படிக்கட்டு. மலையில் வாழ்ந்து தினமும் ஏறி இறங்கும் ஒருவருக்குப் பழகிய படியிலேயே புதிதாக மூச்சு இளைக்கிறதென்றால், பயிற்சி விட்டுப்போனதுதான் காரணம் என்று எண்ணி விட்டுவிடக் கூடாது. நமது பகுதிப் பெண்களிடம் நான் அடிக்கடி காண்பது குருதிச்சோகை. மாதவிடாய் அதிகமாகப் போகிறதா? சோறு சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்கிறீர்களா? தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள், கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. உணவுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். கீரையோடு தேசிக்காய் பிழிந்துகொண்டால் இரும்பு நன்றாகச் சேரும். தேயிலை மலையில் இருந்துகொண்டு இதைச் சொல்வது எனக்கே கடினமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

ஆகவே வகுப்புக்கு முன் அரச வைத்தியசாலைக்குப் போங்கள். ஹீமோகுளோபின், குருதி அழுத்தம், சர்க்கரை, தைரொயிட் ஆகியவற்றைப் பாருங்கள். இதயத்தையும் நெஞ்சையும் வைத்தியர் ஒருமுறை பரிசோதிக்கட்டும். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் ஒரு டெசிலீற்றர் குருதியில் 12 கிராமுக்குக் குறைந்தால் அது சோகை. காரணத்தைக் கண்டுபிடித்துச் சிகிச்சை எடுத்த பிறகுதான் கடும் பயிற்சி.

இனித் தொடை. கட்டாவின் வரிசையையும் இடுப்பின் திருப்பத்தையும் உங்கள் மூளை பத்திரமாக வைத்திருக்கிறது. அந்த நினைவை நம்பித்தான் பழைய வேகத்தில் உதைத்தீர்கள். தசையும், அதை எலும்போடு இணைக்கும் தசைநாணும் 14 வருடங்களாக அந்த இழுப்பைச் சந்திக்கவில்லை. மீண்டும் பழகும்போது தசை சில வாரங்களில் வலுப்பெற்றுவிடும். தசைநாணுக்கு மாதக்கணக்கில் ஆகும். இரண்டாவது மாதத்தில் "பழையபடி ஆகிவிட்டேன்" என்று தோன்றும்போதுதான் பலர் காயப்படுகிறார்கள்.

வலிக்கும் தொடையை இப்போது வலிந்து நீட்டாதீர்கள். முழு ஓய்வும் வேண்டாம். சமதளத்தில் நடங்கள். வலியில்லாமல் வேகமாக நடக்கவும் குனியவும் முடிந்த பிறகு வகுப்புக்குப் போகலாம். இன்னும் இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் இயன்முறைச் சிகிச்சையாளரைப் பாருங்கள்.

தொடங்கும்போது வாரத்துக்கு இரண்டு நாட்கள், இடையில் இரண்டு நாள் இடைவெளி, வகுப்பில் பாதி நேரம் மட்டும். நம் ஊர்க் காலைக் குளிரில் 15 நிமிடமாவது நடந்து, கையையும் காலையும் வீசி உடலைச் சூடாக்குங்கள். அசையாமல் நின்று நீட்டும் பயிற்சிகள் முடிவில்தான். முதல் மாதம் மெதுவான கட்டா, இடுப்புக்குக் கீழே உதை, அவ்வளவே. எதிராளியோடு மோதும் குமித்தேக்கு மூன்று மாதமாவது பொறுங்கள். சென்செயிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீட்டில் படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல உயர்த்தி, அதைவிட மெல்ல இறக்குங்கள். குதிகால் நாணுக்கு இது நல்ல பயிற்சி.

மறுநாள் தசை கனப்பது இயல்பு. இரண்டாம் நாள் கூடவும் செய்யும். ஏற்றத்தைவிட இறக்கம்தான் தொடையை அதிகம் நோகவைக்கும் என்பதால், பயிற்சி நாளில் செங்குத்தான குறுக்குப் பாதையில் வீடு திரும்பாதீர்கள். மூட்டிலோ நாணிலோ வரும் வலி 24 மணி நேரம் கடந்தும் நின்றால், அடுத்த முறை அளவைக் குறையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். பிள்ளை பெற்ற பெண்கள் பலருக்குக் குதிக்கும்போது சிறுநீர் கசியும். வெட்கத்தால் பயிற்சியையே விட்டவர்களை எனக்குத் தெரியும். இடுப்படித் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியால் இது பெரும்பாலும் குறையும். இருந்தால் தயங்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

பயிற்சியின்போது நெஞ்சு அழுத்தினாலோ, தலைசுற்றி மயக்கம் வந்தாலோ, அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். குதிகாலுக்கு மேல் யாரோ அடித்ததுபோல் உணர்ந்து, நுனிக்காலில் நிற்க முடியாமல் போனாலும் அப்படியே. குருதிப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு முதல் வகுப்புக்கான நாளைச் சொல்கிறேன்.