ஒரே பெயர், இரண்டு பட்டாம்பூச்சியா?

கேள்வி: ‘கைசர்-இ-ஹிந்த்’ என்று போட்டு ஒரு பச்சைப் பட்டாம்பூச்சியின் படம் பார்த்தேன். வேறொரு படத்தில் அதே பெயரில் சாம்பல் நிறத்தில், நிறைய வால்களோடு ஒன்று இருக்கிறது. எது சரி?

பதில்: இரண்டுமே சரிதான். பச்சை ஆண், சாம்பல் பெண். ஆணின் முன்னிறக்கை முழுக்கப் பச்சைப் பொடி தூவினாற்போல இருக்கும், பின்னிறக்கையின் நடுவில் பளிச்சென்று ஒரு மஞ்சள் திட்டு, நீளமாக ஒரே வால், அதன் நுனியிலும் தொட்டு வைத்தமாதிரி மஞ்சள். பெண் அதைவிடப் பெரியது. உடம்பை ஒட்டிய பகுதியில் மட்டும் பச்சை தங்கிவிட, மிச்சமெல்லாம் சாம்பல் கலந்து போகும், மஞ்சள் திட்டு இருக்கவேண்டிய இடமும் சாம்பல்தான், ஆனால் ஒன்றுக்கு மேல் நீள வால்கள் உண்டு. என்னைக் கேட்டால் பெண்தான் அழகு, படம் போடுபவர்கள் என்னவோ ஆணையே போடுகிறார்கள்.

இன்னொன்று, அந்தப் பச்சை சாயம் இல்லை. செதில்களுக்குள் இருக்கும் நுண்ணிய வலைப்பின்னல் ஒளியில் பச்சையை மட்டும் நம் பக்கம் திருப்பி அனுப்புகிறது. மயிலிறகை அரைத்தால் நீலம் போய்ப் பழுப்புதான் மிஞ்சும் இல்லையா, அந்தச் சங்கதிதான் இங்கேயும்.

பெயருக்கு ‘இந்தியாவின் பேரரசர்’ என்று பொருள். விக்டோரியா ராணிக்கு ‘இந்தியப் பேரரசி’ பட்டம் சட்டமானது 1876-ல். ஆனால் ஹோப் என்ற ஆங்கிலேயர் 1843-லேயே இதற்கு ‘டெய்னோபால்பஸ் இம்பீரியாலிஸ்’ என்று அறிவியல் பெயர் வைத்துவிட்டார், ‘இம்பீரியாலிஸ்’ என்றால் பேரரசுக்குரியது. அரச பட்டம் ராணியைவிடப் பூச்சிக்குத்தான் முதலில் கிடைத்திருக்கிறது!

கேள்வி: சரி, நேரில் எங்கே பார்ப்பது?

பதில்: இமயமலைக் காடுகளில். நேபாளம், சிக்கிம், பூட்டான், அருணாசலப் பிரதேசம் என்று நீண்டு வடக்கு வியட்நாம் வரை உண்டு, பெரும்பாலும் 6,000 அடிக்கு மேலே. அருணாசலம் 2021-ல் இதைத் தன் மாநிலப் பட்டாம்பூச்சியாக ஏற்றுக்கொண்டது. வலையைக் கொண்டுபோகாதீர்கள், வனவிலங்குச் சட்டப்படி பிடிப்பது குற்றம். பைனாகுலர் போதும். வெயில் அடிக்கும் காலை நேரத்தில் மலையுச்சிக்குப் போய்த் தலையை நிமிர்த்தி மரங்களின் உச்சியைப் பாருங்கள், ஆண்கள் அங்கேதான் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும். படபடவென்று பறந்துவிடும், அதனால் கேமராவைத் தயாராக வைத்திருங்கள்.