ஸ்பூனைச் சாய்த்துப் பாருங்கள்: குழந்தை உணவு கேள்வி-பதில்

என் மகனுக்கு 7 மாதம். தினமும் இரண்டு வேளை பருப்புத் தண்ணீரும் வடிகஞ்சியும் கொடுக்கிறேன். வயிறு முட்டக் குடிக்கிறான், ஆனால் போன மாதத்திலிருந்து எடை ஏறவில்லை. தாய்ப்பால் போதவில்லையா? (மதுரை)

பால் மேல் பழி போடாதீர்கள். பருப்புத் தண்ணீரில் மணம் இருக்கிறது. சத்து அடியில் தங்கிய பருப்பில் இருக்கிறது. அதை நீங்கள் சாம்பாராக்கிச் சாப்பிட்டுவிடுகிறீர்கள்! நானும் என் மூத்தவளுக்கு மூன்று வாரம் பருப்புத் தண்ணீர் கொடுத்தவள்தான். படித்த படிப்பெல்லாம் அம்மா முன்னால் எடுபடவில்லை.

குழந்தையின் வயிறு ஒரு நேரத்தில் எடைக்குக் கிலோவுக்கு சுமார் 30 மி.லி. கொள்ளும். 7 கிலோ என்றால் 200 மி.லி. சொச்சம், அதாவது ஒரு டம்ளர். அந்த டம்ளரைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் சோற்றுக்கு இடமேது? 6 முதல் 8 மாதம் வரை, தாய்ப்பால் போக நாளுக்கு 200 கலோரி அளவுக்கு உணவிலிருந்து கிடைக்க வேண்டும்.

ஒரு பிடி அரிசி, அதில் பாதி பாசிப்பருப்பு. குக்கரில் ஐந்தாறு விசில் விட்டு, சூட்டோடு மசித்து, அரை ஸ்பூன் நெய் விடுங்கள். ஸ்பூனில் எடுத்துச் சாய்த்தால் சொட்டக் கூடாது. ஒட்டிக்கொண்டு நின்று, பிறகு மெதுவாகச் சரிய வேண்டும். இதுதான் பதம். முதலில் வேளைக்கு இரண்டு மூன்று ஸ்பூன், பிறகு படிப்படியாக அரைக் கப். எடை நின்றுபோயிருப்பதால் டாக்டரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

பெண் குழந்தைக்கு ஒற்றைப்படை மாதத்தில், அதாவது 5-ம் மாதமே சோறு ஊட்ட வேண்டும் என்கிறார் என் அத்தை. சரியா? (கோவை)

7-ம் ஒற்றைப்படைதானே! 6 மாதம் முடிந்து 7 நடக்கும்போது ஊட்டுங்கள். அத்தைக்கும் திருப்தி, குழந்தைக்கும் சரியான நேரம்.

கேழ்வரகுக் கூழ் களி மாதிரி இறுகிவிடுகிறது, விழுங்க மாட்டேன் என்கிறாள். தண்ணீர் சேர்த்தால் நீர்த்துப்போகிறது. என்ன செய்வது? (தருமபுரி)

இதற்கு வழி உங்கள் பாட்டி கையிலேயே இருக்கிறது: முளைகட்டிய மாவு. கேழ்வரகை இரவு ஊறவைத்து வடித்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். ஒன்றிரண்டு நாளில் வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். வெயிலில் நன்றாகக் காயவைத்து அரைத்து, சலித்து வையுங்கள். வறுக்க வேண்டாம். மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் என்ற நொதி முளைக்கும்போது உருவாகிறது, அதிகச் சூட்டில் அது செத்துவிடும்.

வழக்கம்போலக் கெட்டியாகவே கூழ் காய்ச்சி இறக்குங்கள். கொதி அடங்கி, ஆனால் சூடு நன்றாக இருக்கும்போதே முளைமாவு அரை ஸ்பூன் போட்டுக் கிளறுங்கள். சில நிமிடங்களில் கண்ணெதிரே இளகும். பிறகு இன்னொரு கொதி விட்டு ஆறவைத்துக் கொடுங்கள். தண்ணீர் கூடவில்லை, மாவும் குறையவில்லை, ஆனால் விழுங்க எளிது. இப்படி இளகிய கூழுக்கு மட்டும் ஸ்பூனைச் சாய்த்துப் பதம் பார்க்க வேண்டாம்.

100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி. கால்சியம் உண்டு. இரும்புச்சத்துக்கு மட்டும் இதையே நம்பியிருக்காதீர்கள். பிறக்கும்போது கொண்டுவந்த இரும்பு இருப்பு 6 மாத வாக்கில் தீரத் தொடங்கும். அசைவ வீடு என்றால் வேகவைத்து மசித்த ஈரல் சிறிதளவு. சைவம் என்றால் பருப்பு, கீரையோடு இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு. சாற்றிலுள்ள வைட்டமின் சி இரும்பை உடம்பில் சேர்க்க உதவும்.

பதினெட்டுப் பொருள் போட்ட சத்துமாவு அரைத்து வைத்திருக்கிறேன். 6 மாதத்திலேயே தரலாமா? (திருச்சி)

இப்போது வேண்டாம். தடிப்பு வந்தால் பதினெட்டில் எது காரணம் என்று யார் கண்டுபிடிப்பது? ஒவ்வொன்றாகக் கொடுத்து, மூன்று நாள் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஒத்துக்கொண்டவற்றை அப்புறம் கலந்துகொள்ளலாம்.

வெள்ளைச் சர்க்கரை தொடுவதே இல்லை, கருப்பட்டியும் தேனும்தான். நல்லதுதானே? (தூத்துக்குடி)

கருப்பட்டியும் இனிப்புதான். ஒரு வயது வரை இனிப்பும் வேண்டாம், உப்பும் வேண்டாம். நமக்குச் சப்பென்று இருப்பது குழந்தைக்கு அப்படி இருக்காது. தேன் விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன்: ஒரு வயதுக்குள் நாக்கில் தடவக்கூடக் கூடாது. அதில் இருக்கக்கூடிய கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கும். தசைகள் தளர்ந்து, மூச்சே திணறலாம்.

முட்டையில் மஞ்சள் கரு மட்டும்தானா? (சேலம்)

6 மாதம் முடிந்தபின் இரண்டுமே தரலாம். ஆனால் ஹாஃப் பாயில் கூடாது, முழுக்க வெந்திருக்க வேண்டும். வீட்டில் யாருக்காவது முட்டை ஒவ்வாமை இருந்தாலோ, குழந்தைக்குக் கடுமையான கரப்பான் இருந்தாலோ டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

10 மாதமாகிறது, இன்னும் எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்துத்தான் தருகிறேன். தாத்தாவோ முறுக்கையும் வேர்க்கடலையையும் நீட்டுகிறார்! (நாகர்கோவில்)

நீங்கள் ஒரு கோடி, தாத்தா மறு கோடி! 8 மாதத்திலேயே சற்றுக் கட்டியாக மசித்தது பழக வேண்டும். தள்ளிப்போனால் பிறகு மெல்லவே மறுக்கும் குழந்தைகள் உண்டு. மிக்ஸியை இன்றே ஓரம்கட்டுங்கள். பருக்கை தெரிகிற சாதம், ஊறிய இட்லி, கனிந்த ஏத்தன் பழத்தைப் பிசைந்து கையிலேயே கொடுங்கள். முதல் சில நாள் ஓங்கரிக்கும், பயப்பட வேண்டாம், பக்கத்திலேயே இருங்கள். முறுக்கும் முழுக் கடலையும் மூச்சுக்குழலை அடைக்கும். தாத்தாவுக்கு ஆசையாக இருந்தால் கடலையை வறுத்து மைபோல அரைத்துத் தாருங்கள், கூழில் கலந்து அவரே ஊட்டட்டும்.