நாற்பதைத் தாண்டிய பிறகு நாட்டுப்பாட்டுக்காக ஒரு தந்தி வாத்தியம் கற்க முடியுமா? கிதாரா, மாண்டலினா, யுகுலேலேயா?

கேட்டவருக்கு வயது 43. ச ரி க ம கூடத் தெரியாதாம். ஊரில் பாட்டி பாடிய பாட்டுகளை வாசிக்க ஆசை. எந்த வாத்தியம் வாங்குவது, சென்னையில் யாரிடம் கற்பது என்பதுதான் கேள்வி.

நான் மாண்டலினைத் தொட்டது 47 வயதில். ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வெல்டிங் பார்த்துக் காய்த்துப்போன கை. கம்பியை அழுத்தினால் விரல் நுனி இரண்டு மூன்று வாரம் எரியும் என்பார்களே, எனக்கு அந்த எரிச்சல்கூட வரவில்லை. அதனால் முடியுமா என்பதை விட்டுவிடுவோம். எதை வாங்குவது என்பதற்கு என் பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். முதலில் பாட்டி பாட்டில் ஒன்றை முழுசாக, வார்த்தை தவறாமல் பாட வருகிறதா பாருங்கள். அப்புறம் கூட உட்கார்ந்து வாசிக்க ஓர் ஆளைத் தேடுங்கள். வாத்தியம் மூன்றாவதுதான்.

ஏன் சொல்கிறேன் என்றால், சின்ன வயதில் மெரினாவில் அப்பா எனக்குக் கொட்டாங்கச்சி வயலின் வாங்கிக் கொடுத்தார். ஒரு மூங்கில் குச்சி, பாதிக் கொட்டாங்கச்சி, ஒரு கம்பி, தேய்க்க ஒரு வில். விற்றவர் அதில் சினிமாப் பாட்டையே இழைத்துக்கொண்டு போனார். வீட்டுக்கு வந்து நான் இழைத்தால் பூனை கத்தியது. அவர் வேறு நல்ல வயலினை வைத்துக்கொண்டு மட்டமானதை நம் தலையில் கட்டிவிட்டார் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படியெல்லாம் இல்லை. அவர் காதில் பாட்டு இருந்தது, எனக்கு இல்லை. அவ்வளவுதான்.

எனக்குக் கிடைத்த ஆள் பெரம்பூரில் பக்கத்து வீட்டு அங்கிள். ஆங்கிலோ இந்தியர், ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் நைட் ஷிஃப்ட் முடிந்து வரும்போது வராண்டாவில் மாண்டலினோடு உட்கார்ந்திருப்பார். ஒரு நாள், "நின்னுகிட்டே கேக்காதே மேன், உக்காரு" என்றார். முதல் ஒரு மாதம் சுருதி சேர்ப்பது தவிர வேறெதுவும் சொல்லித்தரவில்லை. மாண்டலினில் எட்டுக் கம்பி, ஆனால் இரண்டிரண்டாக ஜோடி போட்டு நான்கு என்றுதான் கணக்கு. ஜோடியில் ஒன்று இம்மி இறங்கினாலும் தகர டப்பா மாதிரிக் கேட்கும். ஃபோனில் இப்போது ட்யூனர் இருக்கிறது, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஜோடியின் இரண்டாவது கம்பியைக் காதால் சேருங்கள். அந்த உறுத்தல் குறைந்து குறைந்து இரண்டும் ஒன்றாகிற நொடியைக் காது பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இனி நாட்டுப்பாட்டு விஷயம். நம் நாட்டுப்புற இசையில் தோல் வாத்தியம்தான் ராஜா. பறை, உறுமி, பம்பை, தவில். தந்தி என்று பார்த்தால் வில்லுப்பாட்டின் வில் இருக்கிறது, அதன் நாணைக்கூட வீசுகோலால் அடிக்கத்தான் செய்கிறார்கள். தெற்கத்திக் கலையான அதைச் சென்னையில் இருந்தபடி உலகம் முழுக்கக் கொண்டுபோன சுப்பு ஆறுமுகம் ஐயாவுக்கு 2021-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், மறு வருடம் காலமானார். ஆக, கிதாரையோ மாண்டலினையோ நாட்டுப்பாட்டுக்குக் கொண்டுவருகிறவர்கள் புதிதாக வீட்டுக்கு வந்த மருமகள் மாதிரி கொஞ்சம் அடங்கித்தான் இருக்க வேண்டும். இருக்க மாட்டார்கள். கிதார் கற்றவுடன் ஒப்பாரிக்கும் நான்கு கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒன்றாக அடிப்பது) போட்டு ஜங் ஜங் என்று அடிப்பார்கள். பாட்டு போகிற வழி ஒன்று, கார்டு இழுக்கிற வழி வேறு. பாடுகிற அம்மா பாவம், திணறிவிடுவார்.

மாண்டலின் இங்கேதான் கைகொடுக்கிறது. அதன் கம்பிகள் வயலின் போலவே, தடித்ததிலிருந்து ஜி, டி, ஏ, ஈ என்ற மேற்கத்திய சுரங்கள். பக்கத்துப் பக்கத்துக் கம்பிகள் எந்த இரண்டை எடுத்தாலும் ச-ப உறவு, அதாவது தடித்ததை ச என்று வைத்தால் அடுத்தது ப. டி, ஏ இரண்டையும் விரல் வைக்காமல் மீட்டினால் இரண்டு கட்டை சுருதிக்குத் தம்புரா தயார். பாடுகிறவர் ச-வை எந்த உயரத்தில் வைக்கிறார் என்பதுதான் கட்டை. பெண் குரலுக்கு ஜி, டி இரண்டும் சேர்ந்தால் ஐந்து கட்டை. கார்டே வேண்டாம். பாட்டுக்குக் கீழே ஒரு பாய் விரித்த மாதிரி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொரு வசதி. டி கம்பியில் விரல் வைக்காமல் ச, இரண்டாவது ஃபிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டி) ரி, நாலாவதில் க, ஐந்தாவதில் ம. அடுத்த கம்பிக்குப் போய் அதே இடங்களில் விரல் வைத்தால் ப, த, நி, மேல் ச. சங்கராபரண ராகத்தின் சுரங்கள் முடிந்தன. இதைச் சொல்லித்தர அங்கிளுக்கு மூன்று நிமிடம் ஆனது. பெரும்பாலான நாட்டுப்பாட்டு எட்டு சுரத்தையும் கேட்காது, ஐந்து ஆறிலேயே சுற்றிவிட்டு இறங்கிவிடும். கையை மேலே கீழே நகர்த்தவே வேண்டியதில்லை.

ஒரு சிக்கல் வரும், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். மொட்டை மாடியில் சேர்ந்து பாடுகிற எங்கள் கூட்டத்தில் ஒரு டீச்சரம்மா இருக்கிறார். விழுப்புரம் பக்கம், பணி ஓய்வு பெற்றவர். அவர் தன் அம்மாவின் தாலாட்டைப் பாட ஆரம்பித்தபோது நான் பழக்கதோஷத்தில் ச-ப மீட்டினேன். ஏதோ கல் கடிக்கிற மாதிரியே இருந்தது. அவர் சுருதி விலகிவிட்டார் என்று நினைத்தேன், வாயைத் திறந்து சொல்லியும்விட்டேன். வயலின் கற்ற பையன் ஒருவன்தான், "அண்ணா, பாட்டு வந்து உட்கார்ற இடம்தான் ச. அவங்க உங்க ஏ-ல உட்கார்றாங்க" என்றான். அப்படி வைத்தால் நான் மீட்டுகிற டி அவருக்குக் கீழ் மத்தியமம், அதாவது ம. இதற்கு மத்தியம சுருதி என்றே பெயர் இருக்கிறதாம். நவரோஸ், குறிஞ்சி, புன்னாகவராளி, நாதநாமக்கிரியை என்று நாட்டுப்புற வாசனை அடிக்கிற ராகங்களை வித்வான்களே அப்படித்தான் பாடுகிறார்களாம். டீச்சரம்மா சரியாகத்தான் பாடியிருக்கிறார், தப்பு என் காதில். அதனால் அவர் ஆறு கட்டையில் பாட, அதே இரண்டு கம்பியை, ஏ-யைத்தான் ச என்று காதில் வைத்துக்கொண்டு மீட்டினேன். நான் கம்பியைத் திருகவே இல்லை, கல் கடிப்பது மட்டும் நின்றுவிட்டது. அன்றைக்கு வடை அவர் கொண்டுவந்திருந்தார். ஒரு வார்த்தை பேசாமல் எனக்கு இரண்டு வைத்தார்.

குட்டிக் கிதார் மாதிரி இருக்கிற யுகுலேலே நல்ல வாத்தியம்தான். நைலான் கம்பி, விரல் வலிக்காது, சென்னைக் கடல் காற்றில் துருப்பிடிக்காது. வீட்டில் குழந்தை இருந்தால் அதையே வாங்குங்கள். கிதார் வாங்கினால் கேப்போ (எல்லாக் கம்பியையும் ஒரே இடத்தில் அழுத்திப் பிடிக்கிற கவ்வி) ஒன்றும் சேர்த்து வாங்குங்கள், பாடுகிறவர் கட்டைக்கு நீங்கள் போக உதவும். மலிவான கிதாரில் கம்பி மரத்திலிருந்து ரொம்பத் தூக்கி நிற்கும், அழுத்தி அழுத்திக் கை ஓய்ந்து பலர் விட்டுவிடுவார்கள். கடையிலேயே அழுத்திப் பாருங்கள். மவுண்ட் ரோட்டில் 1842-இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் இருக்கிறது, பிராட்வேயிலும் கடைகள் உண்டு. வாங்காவிட்டாலும் ஒரு நடை போய் எல்லாவற்றையும் மடியில் வைத்துப் பார்த்துவிட்டு வரலாம்.

நான் அப்படிச் செய்யவில்லை. ஒரு கடையில் சொன்னதைக் கேட்டு வாங்கி வந்தேன். மூன்றே மாதத்தில் கம்பி எல்லாம் பழுப்பு. வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் துடைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சரி, புதுக் கம்பி போடுவோம் என்று எட்டையும் ஒரே மூச்சில் கழற்றினேன். டக் என்று கம்பிகளைத் தாங்குகிற பிரிட்ஜ் கழன்று தரையில் விழுந்தது. உடைத்துவிட்டேன் என்று நினைத்து வேர்த்துவிட்டது. ஃபெவிகால் டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தபோது அங்கிள் எட்டிப் பார்த்தார். "ஒட்டினே, கையை ஒடிச்சிடுவேன்" என்றார். மாண்டலின் பிரிட்ஜ் ஒட்டப்படுவதே இல்லை, கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது.

எங்கே நிறுத்துவது என்பதற்கு ஒரு வழி காட்டினார். மேல் முனையிலிருந்து பன்னிரண்டாவது ஃபிரெட் எவ்வளவு தூரமோ, அங்கிருந்து பிரிட்ஜும் ஏறக்குறைய அதே தூரம். நூல் வைத்து அளந்தோம். பிறகு கம்பியை ஏற்றி, பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு நேர் மேலே விரலைப் பட்டும் படாமல் வைத்து மீட்டினால் மணி அடித்த மாதிரி ஒரு நாதம். அதே இடத்தில் அழுத்தி மீட்டினால் இன்னொன்று. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தினது ஏறியிருந்தால் பிரிட்ஜை வால் பக்கம் ஒரு மயிரிழை தள்ளு, இறங்கியிருந்தால் கழுத்துப் பக்கம். ஒரு ராத்திரி போனது. கம்பியை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டியிருந்தால் இந்த வேலையே இல்லை. ஆனால் அந்த ராத்திரிக்குப் பிறகுதான் அது என் மாண்டலின் ஆனது.

யாரிடம் கற்பது என்றால், வகுப்புக்குப் போவதில் தப்பில்லை, விரல் ஒழுங்காகும். பாட்டு வேறு இடத்தில் இருக்கிறது. எங்கள் மொட்டை மாடிக் கூட்டத்துக்கு ஒரே நிபந்தனை: வருகிறவர் வீட்டில் கேட்ட ஒரு பாட்டைக் கொடுக்க வேண்டும். ஆட்டோ ஓட்டுகிற தம்பி ஒருவர் கானா கொடுத்தார், டீச்சரம்மா நடவுப் பாட்டு. முதலில் எல்லோரும் பாடுவோம், ஃபோனில் பதிவு செய்துகொள்வோம், பிறகுதான் வாத்தியத்தை எடுப்போம். தாளில் எழுதிக்கொள்வது கிடையாது. கம்பியை மீட்டுகிற பிக் தொலைந்தால் பழைய ஏ.டி.எம். கார்டை வெட்டிக்கொள்வோம். பெசன்ட் நகர் கடற்கரையில் இரண்டு தரம் முயன்றோம். காற்று பாதியைக் கொண்டுபோகிறது, மணல் மீதியைக் கெடுக்கிறது. மாடியே மேல்.

அங்கிள் கொடுத்தது அவர் அப்பாவிடம் கேட்ட அயர்லாந்து நடன மெட்டு, ரேக்ஸ் ஆஃப் மாலோ. துள்ளிக்கொண்டு போகும். அவர் வாசித்து இரண்டாவது சுற்று வரும்போது டீச்சரம்மா கண்ணை மூடிக்கொண்டு "வந்தே மீனாக்ஷி" என்று அதே மெட்டில் சமஸ்கிருதத்தில் பாடத் தொடங்கினார். அங்கிள் கை நின்றுவிட்டது. "ஹூ டாட் யூ மை டாடிஸ் டியூன்?"

கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசாமி தீட்சிதர் மணலியில் தங்கியிருந்த காலத்தில் வெள்ளைக்காரர்களின் பேண்டில் கேட்ட மெட்டுகளுக்கு சாகித்தியம் செய்திருக்கிறார். நோட்டுஸ்வரம் என்பார்கள், கிட்டத்தட்ட நாற்பது இருக்கின்றன, எல்லாம் சங்கராபரணச் சுரங்கள். அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் வயலின் கற்றதும் அந்தக் காலத்தில்தான். மணலி என்றால், இப்போது எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறதே, அதே மணலி. எங்கள் மாடியிலிருந்து வடக்கே பார்த்தால் அந்தப் பக்கம்தான். இருநூறு வருடத்துக்கு முன் வந்த மெட்டு, ஒரு கிளை அங்கிள் வீட்டுக்கும் ஒரு கிளை டீச்சரம்மா பள்ளிக்கூடப் பஜனைக்கும் போயிருக்கிறது. அன்றைக்கு இருட்டுகிற வரை வேறு எதுவும் வாசிக்கவில்லை.

அங்கிள் இப்போது பெர்த்தில் மகளோடு இருக்கிறார். ஞாயிறு மாலை எங்களுக்கு ஐந்து மணி என்றால் அவருக்கு ஏழரை. வீடியோ காலில் வருகிறார். சேர்ந்து வாசிக்க முடியாது, ஒலி பிந்தி வந்து தாளம் சிதறுகிறது. அதனால் அவர் ஒரு சுற்று வாசித்து நிறுத்துவார், நாங்கள் அதையே திருப்பி வாசிப்போம். முடித்ததும் திரைக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுவந்து, "மூணாவது கம்பி இறங்கியிருக்கு மேன்" என்பார். பெரும்பாலும் இறங்கித்தான் இருக்கும்.