‘யெஸ்’ சொல்லி மாட்டிக்கொண்டேன்

மார்த்தாண்டத்திலிருந்து இங்கிலாந்தில் இருக்கும் லீட்ஸுக்கு நர்ஸ் வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, வீடு எந்தப் பக்கம் தேடலாம், குளிருக்கு என்ன கோட்டு வாங்கலாம், அப்புறம் நான் யெஸ், நோ சொன்னாலே ஏன் வார்டில் குழம்புகிறார்கள் என்று கேட்டிருக்கிறாய் மக்களே. வீடும் கோட்டும் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். கடைசிக் கேள்வியில்தான் நான் 2004-ல் பட்ட பாடு இருக்கிறது.

அன்று காலை ஆபரேஷனுக்குப் போகவேண்டிய ஒரு தாத்தா. தலைமாட்டில் ‘நில் பை மவுத்’ அட்டை தொங்குகிறது, வாய்வழியாக எதுவும் கொடுக்கக்கூடாது என்று அர்த்தம். இன்சார்ஜ் சிஸ்டர் வந்து, “ஹி ஹேஸன்ட் ஈட்டன் எனிதிங், ஹேஸ் ஹி?” என்றார், இவர் ஒன்றும் சாப்பிடலைதானே என்று. நான் தலையையும் ஆட்டி “யெஸ்” என்றேன். ஆமா, சாப்பிடலை என்று சொன்னதாக எனக்கு நினைப்பு. சாப்பிட்டுவிட்டார் என்று அவருக்குக் கேட்டிருக்கிறது. உடனே தியேட்டருக்குப் போன் போய், தாத்தாவைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள். நேற்று ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத மனிதர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

கேட்டவர் சொன்னது சரி என்றால் நாம் ஆமா போடுவோம். இவர்களுக்கு நடந்ததா, நடக்கவில்லையா, அவ்வளவுதான் கணக்கு. சாப்பிடவில்லை என்றால் எப்படித் திருப்பிக் கேட்டாலும் ‘நோ’தான். அதனால் வெறும் யெஸ், நோவோடு நிறுத்தாதே, “நோ, ஹி ஹேஸன்ட்” என்று முழுசாகச் சொல். தலையை ஆட்டவே ஆட்டாதே.

பஸ்ஸில் பக்கத்து சீட்டைக் காட்டி “டூ யூ மைண்ட்?” என்றால், நான் உட்கார்ந்தால் உனக்கு ஆட்சேபணையா என்று கேட்கிறார்கள், நோ சொன்னால்தான் உட்காருவார்கள். நான் சிரித்துக்கொண்டே யெஸ் யெஸ் என்று ஒரு அம்மாவை மூன்று ஸ்டாப் நிற்க வைத்திருக்கிறேன். அதைவிட மோசம் “தி அலாரம் ஹேஸ் கான் ஆஃப்.” ஆஃப் ஆகிவிட்டது, சத்தம் ஓய்ந்தது என்று நிதானமாகப் போர்வை மடித்துக்கொண்டிருந்தேன். அலாரம் அடிக்கிறது, ஓடு என்று அர்த்தம். டின்னில் ‘இன்ஃப்ளேமபிள்’ என்று இருந்தாலும் உஷார். தீப்பிடிக்காது என்று நினைத்துவிடாதே, ‘ஃப்ளேமபிள்’ என்றாலும் அதுதான், இரண்டும் தீப்பிடிக்கும்.

இங்கே இருபது வருடம் ஆன நம்ம ஆள்களிடம் கேட்டால், போகப் போகப் பழகிவிடும் என்பார்கள். அவர்களில் பாதிப்பேர் இன்னும் யெஸ் சொல்லித் தலையாட்டுகிறவர்கள்தான். எனக்குத் தானாகப் பழகவில்லை, ராத்திரி ட்யூட்டியில் வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பழகினேன்.

நம்ம ஊர்ப் பக்கம், கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைச் சந்தையில் இந்தத் தொல்லையே கிடையாது. எங்கள் அம்மாச்சி தமிழில் கேட்பார், மீன்காரி மலையாளத்தில் பதில் சொல்வாள். ‘இல்ல’ என்றால் சாளை மீன் தீர்ந்துபோச்சு. ‘அல்ல’ என்றால் நீங்கள் கையில் எடுத்தது சாளை இல்லை. இங்கே இரண்டுக்கும் ஒரே நோ. அம்மாச்சி அந்த ‘அல்ல’வையும் நம்பாமல் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் மீனைக் கூடையில் போடுவார்.