அறுபது பொருளையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

கேள்வி: என் மகள் நான்காம் படிவத்தில் படிக்கிறாள். ஆங்கிலத்தில் ‘கெட்’ என்ற ஒரு சொல்லுக்கு அறுபது பொருள் எழுதிக் கொடுத்து, மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள் டியூஷனில். பள்ளியிலோ, கட்டுரையில் ‘கெட்’ வந்தாலே சிவப்பு மையால் அடித்துவிடுகிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது? தமிழில் இந்தத் தொல்லை இல்லையே!
– ஒரு வாசகி, பிறை, பினாங்கு

பதில்: கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன் அம்மா. தமிழில் இல்லையா? பஸ் பிடிக்கிறோம், மீன் பிடிக்கிறோம், சளி பிடிக்கிறது, சம்பளத்தில் இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பிடிக்கிறார்கள், ஒருவரை நமக்குப் பிடித்துப்போகிறது. இதற்கெல்லாம் உங்களுக்கு யாராவது பட்டியல் கொடுத்தார்களா? ‘கடி’ என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் பத்துப் பொருள் சொல்கிறது தொல்காப்பியத்தின் உரியியல். மலாயில் ‘மாக்கான்’ என்றால் சாப்பிடுவது. ஆனால் ‘மாக்கான் காஜி’ சம்பளத்துக்கு வேலை பார்ப்பது, ‘மாக்கான் சுவாப்’ லஞ்சம் வாங்குவது, ‘மாக்கான் ஆங்கின்’ உல்லாசப் பயணம் போவது. உங்கள் மகளுக்கு இவை தெரிந்தே இருக்கும். மனப்பாடம் செய்தா தெரிந்துகொண்டாள்? பக்கத்தில் எந்தச் சொல் நிற்கிறது என்று காதால் கேட்டுத் தெரிந்துகொண்டாள். ‘கெட்’டையும் அப்படித்தான் பிடிக்க வேண்டும். அந்தப் பட்டியலை எடுத்து வைத்துவிடுங்கள்.

வைக்கிங்குகள் இங்கிலாந்தில் குடியேறியபோது அவர்களுடைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்த சொல் இது. பெறுவது, கைக்கு வருவது என்பதுதான் அதன் அடிப்பொருள். கைக்குக் கடிதம் வந்தால் ‘கெட் அ லெட்டர்’. ஆளே வீட்டுக்கு வந்து சேர்ந்தால் ‘கெட் ஹோம்’. கோபம் வந்தால் ‘கெட் ஆங்ரி’. சொன்னது மனதுக்கு எட்டினால் ‘ஐ கெட் இட்’. அறுபதில் பெரும்பகுதி இந்த நாலுக்குள் அடங்கிவிடும்.

நம் பிள்ளைகள் உண்மையில் தடுக்கி விழுவது வேறு இடத்தில். கடையில் முடி வெட்டிக்கொண்டு வந்து, ‘ஐ கட் மை ஹேர்’ என்கிறார்கள். பட்டறையில் கொடுத்து வாங்கிய காரை ‘ஐ ரிப்பேர்ட் மை கார்’ என்கிறார்கள். தமிழில் ‘முடி வெட்டினேன்’ என்றால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஆனால் ஆங்கிலேயர் காதில், தானே கத்தரிக்கோலை எடுத்ததாகத்தான் விழும். பிறரைக் கொண்டு செய்வித்தேன் என்று சொல்ல ஆங்கிலத்துக்கு ‘கெட்’டோ ‘ஹேவ்’வோ வேண்டும்: ‘ஐ காட் மை ஹேர் கட்’. அறுபதில் இந்த ஒன்றை நன்றாகப் பழகினால் போதும், மகளின் ஆங்கிலம் ஒரு படி ஏறிவிடும். அப்புறம் பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறும்போது ‘கெட் ஆன்’. பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் அதுவே. காரில் ஏறினால் மட்டும் ‘கெட் இன்’. எழுந்து நடமாட இடமுள்ள வண்டிக்கு ‘ஆன்’ என்று நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நம் ஊருக்கே உரிய ‘காட்’ ஒன்றும் இருக்கிறது. ‘காட் பார்க்கிங்?’, ‘யூ காட் ஈட் ஆர் நாட்?’ என்றெல்லாம் பினாங்கில் யாரைக் கேட்டாலும் புரியும். ‘இருக்கிறது’ என்று பொருள்படும் மலாயின் ‘அடா’வும் ஹொக்கியன் சீனத்தின் ‘ஊ’வும் செய்கிற வேலையை இந்தக் ‘காட்’ செய்கிறது. கோப்பிக் கடையில் அது சரியான பேச்சுதான், அதற்காகப் பிள்ளையைத் திட்டாதீர்கள். தேர்வுத் தாளில் மட்டும் வேண்டாம்.

சரி, பள்ளி ஆசிரியரின் சிவப்பு மைக்கு வருவோம். பாதி நியாயம் அவர் பக்கம் இருக்கிறது. நகராண்மைக் கழகத்துக்கு எழுதும் புகார்க் கடிதத்தில் ‘ரிசீவ்’, ‘அப்டெயின்’ போன்ற சொற்கள்தான் பொருந்தும். ஆனால் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். அரசுத் தேர்வில், ஆங்கில எழுத்துத் தாளின் முதல் பகுதியே 80 சொல் அளவில் நண்பருக்கு எழுதும் மின்னஞ்சல். பேச்சுத் தேர்வு தனியாக வேறு இருக்கிறது. நண்பருக்கு எழுதும்போது ‘அப்டெயின்’ என்றால் அரசாங்கச் சுற்றறிக்கை போல இருக்கும். எங்கே எழுதினாலும் ‘கெட்’டை அடிப்பது பிள்ளையின் கையைக் கட்டிப்போடுவதாகும். அடிக்கிற இடத்திலெல்லாம் மாற்றுச் சொல்லையும் எழுதித் தரும்படி அந்த ஆசிரியரிடம் மரியாதையோடு கேளுங்கள். காலையில் ஆறு மணிக்கு எழுந்தேன் என்று நண்பனுக்கு எழுத, ‘ஐ காட் அப் அட் சிக்ஸ்’ என்பதைவிட இயல்பாக அவர் எதை எழுதித் தருகிறார் என்று பாருங்கள்.